இங்கன சான்று இல்லை

பண்பொழி
8 ஜூன் 2025

அத்தானுக்கு,

போனில் பேசினால் நமக்குள் சண்டைதான் வருகிறது. முந்தாநாள் சொன்னதை இன்று கேட்டால் "நான் எப்பம் சொன்னேன்?" என்கிறீர்கள். அதனால் இனி எது பேசுவதானாலும் மின்னஞ்சலில் எழுதிக்கொள்ளலாம். எழுத்தில் இருந்தால் அதற்கு வரலாறு இருக்கும். இணையக் கலைக்களஞ்சியத்தில் ஒரு கமாவை எடுத்தால்கூட யார் எடுத்தார், எப்போது எடுத்தார் என்று பதிவாகிவிடும், அதுதான் அதன் அழகு என்று கல்யாணமான புதிதில் எனக்குச் சொன்னவர் நீங்கள்தான்.

ஆகவே முதல் பதிவு. வியாழக்கிழமை போனில் நீங்கள் கேட்டது: "அந்த ஜாய்ப்பய உனக்கு என்னட்டி வேணும்?" நான் போனை வைத்துவிட்டேன். பதில் இப்போது எழுதுகிறேன். ஜாய் புளியறை சோதனைச் சாவடி பக்கத்தில் புரோட்டாக் கடை வைத்திருக்கிறார். ஓய்வு கிடைத்தால் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பி, எடுத்த படங்களையெல்லாம் கலைக்களஞ்சியத்துக்கு இலவசமாகக் கொடுக்கிறார். நான் எழுதும் கட்டுரைகளுக்கும் கொடுத்திருக்கிறார். உங்களையும் என்னையும் போலச் சம்பளமில்லாமல் உழைக்கிற ஒரு ஆள், அவ்வளவுதான்.

இனி நல்ல செய்தி. குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்களைப் பற்றி நான் எழுதிய கட்டுரை ஜூலையில் களஞ்சியத்தின் முதற்பக்கத்தில் வரப்போகிறது. சீசனுக்கு வருகிற ஆட்களைத் துண்டோடு பாறையில் உட்காரவைத்து, முதுகில் டப் டப் என்று தட்டி, அருவிக்கு அனுப்புவார்களே, அவர்கள்தான். நீங்களும் ஒரு லீவில் உட்கார்ந்து கத்தியிருக்கிறீர்கள். ஸ்கேன் சென்டரில் சாப்பாட்டு நேரத்தையெல்லாம் இதற்குத்தான் கொடுத்தேன்.

வருகிற ஞாயிறு ஐந்தருவியில் பங்களிப்பாளர்கள் கூடுகிறோம். மதுரை, நாகர்கோவிலிலிருந்தெல்லாம் வருகிறார்கள். என்னோடு வேலை பார்க்கும் ஜெபமலர் துணைக்கு வருகிறாள். சந்தோஷப்படுங்கள். முடியாவிட்டால் பட்டது மாதிரி ஒரு வரியாவது எழுதுங்கள்.

வள்ளி


ஜபல்பூர்
11 ஜூன் 2025

வள்ளிக்கு,

எழுத்தில்தான் பேச வேண்டும் என்றால் சரி. ராணுவத்தில் நாள் முழுக்கக் கடிதம் தட்டுகிற குமாஸ்தா நான். எனக்கு இதில் சிரமம் ஒன்றுமில்லை.

முதற்பக்கத்துக்கு வாழ்த்துகள். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே நான் களஞ்சியத்தில் எழுதுகிறேன். பீரங்கிகள், படைப் பதவிகள், ரயில் நிலையங்கள் என்று எழுதியதெல்லாம் இன்னும் அங்கேதான் இருக்கின்றன. எதையும் யாரும் முதற்பக்கத்தில் போட்டதில்லை. நான் கேட்டதும் இல்லை. சும்மா சொல்கிறேன்.

உன் கட்டுரையைப் பார்த்தேன். இத்தனை பெரிய அருவியை விட்டுவிட்டு, எவனோ ஒரு தடியனின் எண்ணெய் முதுகைக் கட்டுரைக்கு மேலே பெரிதாகப் போட்டிருக்கிறான் உன் புரோட்டாக்காரன். அதுதான் அவனுடைய ரசனை போலிருக்கிறது. கட்டுரை உன்னது, படம் அவனது. ஜூலையில் இரண்டு பேரும் ஜோடியாக முதற்பக்கத்தில் நிற்பீர்கள்.

யார் யாருக்கு நன்றிப் பொத்தானை அழுத்தினார் என்கிற பதிவு எல்லோருக்கும் திறந்து கிடக்கிறது, தெரியும்தானே? நீ ஒரு புள்ளி வைத்தால் அவன் நன்றி சொல்கிறான். கல்லில் புரோட்டா கிடக்கிறவனுக்கு அத்தனை நேரம் எங்கிருந்து வருகிறது? எனக்கு இதுவரை நன்றி சொன்னது நீ ஒருத்திதான், அதுவும் பொத்தானைப் பழகுவதற்காக.

நீ செய்கிற திருத்தமெல்லாம் நேரத்தோடு பதிவாகிற உன் பங்களிப்புப் பக்கத்தைத் தினமும் பார்க்கிறேன். நீ எழுந்ததும் சாப்பிட்டதும் தூங்கியதும் எனக்கு அதில்தான் தெரிகிறது. திங்கட்கிழமை சாயங்காலம் முழுக்க உன் பக்கத்தில் ஒன்றும் இல்லை. அவன் பக்கத்தைப் பார்த்தேன், அங்கேயும் ஒன்றும் இல்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சும்மா இருந்திருக்கிறீர்கள். எங்கே இருந்தீர்கள்?

போன லீவில் பண்பொழி மலைக்கோயிலுக்குப் போனோமே, ஞாபகமிருக்கிறதா? படியேறி மேலே போய்த் திரும்பிப் பார்த்தேன். நீ கீழே நின்று கல்லைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாய். வருஷத்தில் ஒரு தடவை வருகிறவனை விட்டுவிட்டு எப்போதும் அங்கேயே கிடக்கிற கல்லை.

ஐந்தருவிக்குப் போக வேண்டாம்.

மாகாளி


பண்பொழி
17 ஜூன் 2025

அத்தானுக்கு,

திங்கட்கிழமை சாயங்காலம் காற்றில் மரம் விழுந்து, பண்பொழியிலிருந்து புளியறைவரை கரண்ட் இல்லை. டவரும் போய்விட்டது. நான் மாவாட்ட முடியாமல் அத்தையிடம் பாட்டு வாங்கிக்கொண்டிருந்தேன். சந்தேகமிருந்தால் உங்கள் அம்மாவிடம் கேளுங்கள்.

ஐந்தருவிக்குப் போனேன். தண்ணீர் அதிகமென்று காலையில் குளிக்க விடவில்லை. சாரலில் நனைந்தபடி பழக்கடைத் தார்ப்பாய்க்குக் கீழே உட்கார்ந்து, அருவி என்று எழுதுவதா நீர்வீழ்ச்சி என்று எழுதுவதா என்று எல்லோரும் சண்டை போட்டோம். உங்களை நினைத்துக்கொண்டேன். இருந்திருந்தால் அத்தனை பேரையும் ஒரு கை பார்த்திருப்பீர்கள்.

ஜாயும் வந்திருந்தார். பிறகு மறைத்தேன் என்று வரக்கூடாது, அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆள் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறார். ஜெபமலரும் அதையேதான் சொன்னாள். எல்லோருக்கும் புரோட்டா கட்டிக்கொண்டு வந்திருந்தார். உங்களைப் பற்றியும் விசாரித்தார். "சார் எழுதின பீரங்கிக் கட்டுரை பூரா வாசிச்சிருக்கேன். லீவுல வந்தா கடைக்குக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து பார்த்தால் என் கட்டுரையின் தலையில் சிவப்புப் பட்டை. நடுநிலையாளன் என்று புதிதாக முளைத்த ஒரு கணக்கு. "போதிய சான்றுகள் இல்லை. குறிப்பிடத்தக்கமை ஐயத்துக்குரியது. கட்டுரையை நீக்கலாம்" என்று பரிந்துரைத்திருக்கிறார். முடிவு எனக்கு எதிராகப் போனால் முதற்பக்கம் மட்டுமில்லை, கட்டுரையே இருக்காது.

உங்களுக்கு விதிகள் அத்தனையும் தெரியும். விவாதம் நடக்கிற பேச்சுப் பக்கத்தில் வந்து எனக்காக இரண்டு வார்த்தை எழுதுங்கள், அத்தான்.

வள்ளி


ஜபல்பூர்
21 ஜூன் 2025

வள்ளிக்கு,

பார்த்தேன். நடுநிலையாளன் என்பவர் யாரோ தெரியாது, ஆனால் அவர் சொன்னதில் தப்பில்லை. சான்று பலவீனமாகத்தான் இருக்கிறது. நான் வந்து பேசினால் பெண்டாட்டிக்குப் பரிந்துகொண்டு வருகிறான் என்பார்கள். விதி எல்லோருக்கும் ஒன்றுதான். மனதில் ஏற்றிக்கொள்ளாதே.

ஆள் பார்க்க நன்றாக இருக்கிறார் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரிக்கு என்ன அவசியம்? அது உன் சொந்தக் கருத்து. நேரில் பார்த்தது சான்று ஆகாது, வேறொருவர் எழுதி வெளிவந்திருக்க வேண்டும் என்பதுதான் உனக்கு நான் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். ஜெபமலர் சொன்னதும் சேராது.

அந்த வரியை வாசித்த அன்று மெஸ்ஸுக்குப் போகவில்லை. பசியே இல்லை. அவன் என் கட்டுரையை வாசித்தானாம். வாசித்தவன் ஒரு நன்றியாவது சொல்லியிருக்கலாமே?

புளியறையில் நான் வாங்கித் தருகிறேன் என்றபோது, புரோட்டா தின்றால் நெஞ்சு எரியும் என்று சொன்னவள் நீ. அவன் கொண்டுவந்ததைச் சாப்பிட்டாயா?

மாகாளி


பண்பொழி
28 ஜூன் 2025

அத்தானுக்கு,

சாப்பிட்டேன். இரண்டு. நெஞ்சு எரியவில்லை.

இப்போது உட்கார்ந்து நிதானமாக வாசியுங்கள். லைப்ரரியில் பழைய பத்திரிகைகளைத் தேடிப் பிடித்து, கட்டுரையில் நல்ல சான்றுகளாகச் சேர்த்தேன். சேர்த்ததுமே நடுநிலையாளருக்குக் கோபம் வந்துவிட்டது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு, காரணம் எழுதும் இடத்தில் இப்படி எழுதியிருக்கிறார்: "இங்கன சான்று ஒண்ணும் இல்லை. படத்தைக் காட்டி ஏமாத்த முடியாது."

யாழ்ப்பாணத்துக்காரரான நிருவாகி ஒருவர், "இங்கன என்றால் என்ன? இங்ஙனம் என்பதன் எழுத்துப்பிழையா?" என்று கேட்டார். பாவம் ஜாய், ஒன்றும் தெரியாமல் அவர்தான் பதில் சொன்னார், "இது எங்க தென்காசிப் பக்கத்துப் பேச்சு. இங்கே என்று அர்த்தம்" என்று. அதுவே அவருக்கு வினையாகிவிட்டது. இந்தப் பக்கத்து ஆள் ஒருவர்தான் வேறு பெயரில் கைப்பாவைக் கணக்கு வைத்து விளையாடுகிறார் என்று முடிவு கட்டிவிட்டார்கள். களஞ்சியத்தில் எழுதுகிற இந்தப் பக்கத்து ஆட்கள் நாம் மூன்று பேர்தான். நான் என் கட்டுரையை நானே நீக்கச் சொல்ல மாட்டேன். நீங்கள் ஜபல்பூரில் இருக்கிறீர்கள், அந்தப் பேச்சில் தலையே காட்டவில்லை. மிச்சம் ஜாய். கட்டுரைக்கு மேலே எந்தப் படம் போடுவது என்று போன மாதம் அவருக்கும் எனக்கும் வாக்குவாதம் நடந்தது, அந்தக் கோபத்தில் செய்திருக்கிறார் என்கிறார்கள். வியாழக்கிழமைக்குள் விளக்கம் தராவிட்டால் தடை.

அந்த "இங்கன"வைப் பார்த்ததுமே யாருடைய குரல் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அது என் காதில் தினமும் விழுந்த குரல். "ஏட்டி, இங்கன வா", "இங்கன வச்ச சாவி எங்க?" என்று வீடு முழுக்கக் கேட்ட குரல். மற்ற எல்லா வரியையும் விதிப் புத்தகம் மாதிரி எழுதிவிட்டு, கோபம் வந்ததும் ஊர்ப் பேச்சில் மாட்டிக்கொண்டீர்கள்.

உங்களுக்கு ஜாய்மேல் பொறாமை இல்லை அத்தான். என்மேல்தான். முதலில் எனக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள், பிறகு திருத்தினீர்கள், பிறகு திருத்த ஒன்றும் இல்லாமல் போனபோதுதான் சண்டை ஆரம்பித்தது.

நான் மட்டும் யோக்கியமா? நான் இதில் சேர்ந்ததே பொறாமையில்தான். கல்யாணமாகி முதல் லீவில், மடியில் அந்தக் கணினியை வைத்துக்கொண்டு எவரோ முகம் தெரியாதவரோடு நாள் கணக்காக வாதம் பண்ணிக்கொண்டிருந்தீர்கள். புதுப் பெண்டாட்டி காப்பி ஆற்றிக்கொண்டு நிற்கிறேன், நிமிர்ந்து பார்க்கவில்லை. அதற்குள்ளே புகுந்தாலாவது என்னைப் பார்ப்பீர்கள் என்றுதான் கணக்கு தொடங்கினேன். அந்தப் பொறாமையில் நான் எழுதக் கற்றுக்கொண்டேன். உங்களுடையது எழுதினதை அழிக்கச் சொல்கிறது.

நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். சொல்ல வேண்டியவர் நீங்கள்.

வள்ளி


ஜபல்பூர்
30 ஜூன் 2025

வள்ளி,

தென்காசியில் இங்கன என்று பேசுகிறவன் நான் ஒருவன்தானா? செங்கோட்டை பஸ் ஸ்டாண்டில் நின்று கேட்டுப் பார். அவனே செய்துவிட்டு, அவனே வந்து அர்த்தமும் சொல்லியிருக்கலாம். நிருவாகிகள் விசாரிக்கிறார்கள், விசாரிக்கட்டும். நடுவில் நீ ஏன் தீர்ப்பு எழுதுகிறாய்?

ஒன்று மட்டும் கேட்கிறேன். அவனைத் தடை செய்தால் உனக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது? போன வருஷம் எனக்குப் பதவி உயர்வு தட்டிப்போனபோது, "அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்று ஒரு வரியோடு முடித்துக்கொண்டாய். அவனுக்கென்றால் பக்கம் பக்கமாக வருகிறது.

மாகாளி


பண்பொழி
4 ஜூலை 2025

அத்தானுக்கு,

நேற்று ஜாயைத் தடை செய்துவிட்டார்கள். "நான் செய்யவில்லை, எப்படி நிரூபிப்பது என்றும் தெரியவில்லை. கட்டுரை நல்ல கட்டுரை, அதை நீக்க வேண்டாம்" என்று எழுதியிருந்தார். தன்னைப் பற்றி ஒரு வரி, கட்டுரைக்கு ஒரு வரி.

பதவி உயர்வு தட்டிப்போன அன்று நான் நிறையத்தான் எழுதினேன். வாசித்தால் உங்களுக்கு இன்னும் வலிக்குமே என்று அழித்துவிட்டு, அந்த ஒரு வரியை மட்டும் அனுப்பினேன். அதற்கு வரலாறு இல்லை, நம்பாவிட்டால் போங்கள்.

இன்று காலையில் பேச்சுப் பக்கத்தில் நானே எழுதிவிட்டேன். கட்டுரையை எடுத்துக்கொள்ளுங்கள், ஜாயை விட்டுவிடுங்கள் என்று. நடுநிலையாளருக்கு வெற்றி. செவ்வாய்க்கிழமை நீக்கிவிடுவார்களாம்.

இனி எழுதப்போவதில்லை, களஞ்சியத்திலும் சரி, உங்களுக்கும் சரி. என் பங்களிப்புப் பக்கத்தை நீங்கள் பார்க்க வேண்டியதில்லை. அங்கே ஒன்றும் இருக்காது.

ஆனந்தவள்ளி


ஜபல்பூர்
7 ஜூலை 2025

வள்ளி,

நீ சொன்ன பிறகும் பார்த்தேன். சனிக்கிழமை ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமையும் இல்லை. நீ எழுந்தாயா, சாப்பிட்டாயா, ஒன்றும் தெரியவில்லை. முழுப் பெயரை எழுதிக் கடிதத்தை முடித்திருந்தாய், அதையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். நான் கேட்டது கிடைத்துவிட்டது. அவன் இல்லை, உன் கட்டுரை இல்லை, நீயும் இல்லை. நல்லா இருக்கட்டும் நான் பண்ணின காரியம்.

நேற்றுப் பேச்சுப் பக்கத்தில் என் சொந்தப் பெயரிலேயே எழுதிவிட்டேன். "நடுநிலையாளன் நான்தான். ஜாய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கட்டுரையில் சான்று இருக்கிறது. நீக்கச் சொன்னதற்குக் காரணம் பொறாமை." யாழ்ப்பாணத்து நிருவாகி விடவில்லை. "யார்மீது?" என்று கேட்டார். கை தானாக ஜாய் என்று தட்டியது. அழித்தேன். பிறகு "எழுதியவர்மீது. அவர் என் மனைவி" என்று எழுதினேன்.

நீ எழுதினால் ஊரே திரும்பிப் பார்க்கிறது, வள்ளி. நான் எழுதினால் சரியாக இருக்கிறது, அவ்வளவுதான். அதை என்னால் தாங்க முடியவில்லை. இப்போதும் முழுசாகத் தாங்குகிறேன் என்று சொன்னால் பொய்.

எனக்கு மூன்று மாதம் தடை. நடுநிலையாளனுக்கு நிரந்தரம். ஜாயை விடுவித்துவிட்டார்கள். கட்டுரை இருக்கும், முதற்பக்கமும் உண்டு என்று சொல்லிவிட்டார்கள். எல்லாம் முடிந்து திரையை மூடப்போனேன், மேலே மணி மாதிரி ஒரு அடையாளம் வந்தது. திறந்தால், "உங்கள் தொகுப்புக்கு ஜாய் நன்றி தெரிவித்துள்ளார்." உனக்கு மட்டும்தான் சொல்கிறான் என்று நினைத்திருந்தேன். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஆடிக்கு லீவு கேட்டிருக்கிறேன். உன்மேல் எனக்கு உள்ள பிரியம் என்றைக்கும் குறைந்ததில்லை. வரலாமா என்று மட்டும் சொல்.

மாகாளி


பண்பொழி
14 ஜூலை 2025

அத்தானுக்கு,

இன்று காலையில் முதற்பக்கத்தில் வந்துவிட்டது. ஸ்கேன் சென்டரில் எல்லோரும் என் போனைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்தார்கள். ஜெபமலர் டாக்டரிடமும் கொண்டுபோய்க் காட்டிவிட்டாள். ஜாய் ஒரு நன்றி அழுத்தினார். நீங்கள் அழுத்த முடியாது, தடையில் இருக்கிறீர்கள். மூன்று மாதத்துக்கு உங்கள் திருத்தங்களை எனக்கு எழுதி அனுப்புங்கள். பார்க்கிறேன், சரியாக இருந்தால் சேர்க்கிறேன்.

என் கோபம் இன்னும் போகவில்லை. ஜாயின் கடைக்குப் போய், அவர் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் நம் வீட்டுக்குள் கால் வைக்க வேண்டும். புரோட்டா நீங்கள் வாங்கிக் கொடுங்கள், சாப்பிடுகிறேன்.

இன்னொன்று. என் பங்களிப்பு, ஜாயின் பங்களிப்பு, நன்றிப் பதிவு என்று ஊரில் உள்ள வரலாற்றையெல்லாம் தோண்டினீர்களே, கட்டுரைக்கு மேலே இருக்கிற படத்தை ஒரு தடவையாவது தொட்டுப் பார்த்தீர்களா? தொட்டிருந்தால் எடுத்தவர் பெயர் வந்திருக்கும். அது ஜாய் எடுத்ததில்லை, நான் எடுத்தது. அருவி முழுக்கத் தெரிகிற தன்னுடைய படத்தைத்தான் மேலே போட வேண்டும் என்று அவர் வாதாடினார். நான் விடவில்லை. அதற்குத்தான் அந்த வாக்குவாதம். கடைசியில் அவர் விட்டுக்கொடுத்துவிட்டு, அதற்கும் ஒரு நன்றி அழுத்தினார்.

முந்தின லீவில் ஐந்தருவிப் பாறையில் உட்கார்ந்து "மெதுவாத் தட்டும்யா" என்று கத்தினீர்களே, அப்போது பின்னாலிருந்து எடுத்தேன். இடது தோளுக்குக் கீழே மச்சத்தைப் பாருங்கள். எவனோ ஒரு தடியன் என்று எழுதினீர்கள் அல்லவா, அந்தத் தடியன் நீங்கள்தான். இன்று முழுக்க முதற்பக்கத்தில் என் கட்டுரையோடு ஜோடியாக நிற்கிறீர்கள்.

பிரியம் குறைந்ததில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிக்குப் பக்கத்தில் "சான்று தேவை" என்று போட்டு வைத்திருக்கிறேன். நேரில் பார்த்தது சான்று ஆகாது என்பது விதி. இந்த ஒரு வரிக்கு மட்டும் ஆகும்.

இங்கன வாங்க.

வள்ளி